அதிகம் ஓடிய எஸ்.யு.வி.க்கு ஷாக் அப்சார்பர் மாற்றும்போது வேறு என்னவெல்லாம் பார்க்க வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் சிறிய பட்டறை ஒன்றை நடத்துகிறேன். என்னிடம் வரும் பெரிய வண்டிகளில் பாதி ஒன்றரை லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியவை. "ஷாக் மட்டும் மாற்றிக் கொடுங்கள்" என்று சொல்லிச் சாவியைக் கொடுப்பார்கள். வண்டியைத் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றியதும், "இதையும் கொஞ்சம் பாருங்கள்" என்று நான் கூப்பிட வேண்டியிருக்கும். அப்போது அவர்கள் முகத்தில் தெரியும் சந்தேகம் எனக்குப் பழகிவிட்டது. கூப்பிடும் ஒவ்வொரு முறையும் எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஷாக் போய்விட்டது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக் எடையைத் தாங்குவதில்லை, ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குகிறது. உள்ளே இருக்கும் எண்ணெய் சிறு துளைகள் வழியே நெருக்கப்பட்டுப் போகும்போது ஆட்டத்தின் ஆற்றல் சூடாக மாறிவிடும். எண்ணெய் கசிந்தாலோ உள்ளிருக்கும் வால்வு தேய்ந்தாலோ அந்த அடக்கம் போய்விடும்.

வேகத்தடையில் ஏறி இறங்கிய பிறகு வண்டி ஒரு முறை அமுங்கி எழுந்து நின்றால் சரி. இரண்டு மூன்று முறை ஊஞ்சல் ஆடினால் ஷாக் ஓய்ந்துவிட்டது என்று கொள்ளலாம். பிரேக் அடித்தால் மூக்கு குத்துவது, வளைவில் சாய்வு அதிகமாவது, டயரில் அலை அலையாகப் பள்ளம் விழுவது ஆகியவையும் அடையாளங்கள். சக்கரம் தரையில் அழுந்தி உருளாமல் துள்ளித் துள்ளிப் போவதால்தான் அந்தப் பள்ளங்கள் விழுகின்றன. துள்ளும் சக்கரத்துக்குத் தரையில் பிடி இல்லை என்பதால் பிரேக் பிடித்து நிற்கும் தூரமும் கூடும்.

பானெட்டின் ஓரத்தைக் கையால் அமுக்கிப் பார்க்கும் சோதனை சிறிய கார்களுக்கு ஓரளவு பொருந்தும். இரண்டு டன் எடையுள்ள வண்டியில் அதை நம்பி முடிவு செய்யாதீர்கள். ஷாக்கின் உடம்பில் மெல்லிய ஈரப்படலம் மட்டும் இருந்தால் பயம் வேண்டாம், கம்பி உள்ளே போய் வரும்போது அவ்வளவு எண்ணெய் ஒட்டுவது இயல்பு. கீழே வரை வழிந்து, அதன்மேல் செம்மண் அப்பிக் கறுத்துக் கிடந்தால்தான் கசிவு.

பின்சக்கரத்தின் உட்பக்கம் எண்ணெயாக இருக்கிறது. ஷாக்தானே?

அவசரப்படாதீர்கள். அந்த இடத்துக்கு எண்ணெய் மூன்று வழிகளில் வரலாம். ஷாக்கிலிருந்து வந்தால் ஷாக்கின் மேல்பகுதியிலிருந்து வழிந்த தடம் இருக்கும். ஆக்சிலின் சீல் போயிருந்தால் கியர் எண்ணெயின் கந்தக வாடை வீசும், சக்கரத்தின் நடுவிலிருந்து வெளிப்புறமாகத் தெறித்திருக்கும். பிரேக் சிலிண்டர் கசிந்தால் அந்தத் திரவம் தண்ணீர் விட்டாலே கழுவிக்கொண்டு போகும், மற்ற இரண்டும் போகாது. மூன்றாவது என்றால் வண்டியை ஓட்டிக்கொண்டு பட்டறைக்கு வராதீர்கள், எங்களை வரச் சொல்லுங்கள்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்?

80,000 கிலோமீட்டர் என்று பொதுவாகச் சொல்வார்கள். அதைக் கணக்காக எடுத்துக்கொள்ளாமல், அந்தக் கட்டத்தில் கவனமாகப் பார்க்கத் தொடங்க வேண்டும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். திருச்சி வரை நல்ல சாலையிலேயே போய் வரும் வண்டி அதையும் தாண்டி நன்றாக இருக்கும். கல்லல் பக்கம் தோப்புக்கும் களத்துக்கும் சரளைப் பாதையில் தினமும் போகும் வண்டிக்கு அதில் பாதியிலேயே போய்விடும்.

ஒரு பக்கம்தான் கசிகிறது. அதை மட்டும் மாற்றினால் போதாதா?

போதாது. முன்பக்கம் இரண்டும் ஒரு சோடி, பின்பக்கம் இரண்டும் ஒரு சோடி. ஒரு பக்கம் புதியதும் மறுபக்கம் ஒன்றரை லட்சம் ஓடியதும் இருந்தால் திடீர் பிரேக்கிலும் வளைவிலும் வண்டி ஒருபக்கமாக இழுக்கும். பணம் இடித்தால் முன் சோடியை இந்த மாதமும் பின் சோடியை அடுத்த மாதமும் மாற்றிக்கொள்ளலாம், தவறில்லை.

ஷாக்கோடு கூடவே கட்டாயம் மாற்ற வேண்டியவை எவை?

மேலே உட்காரும் மவுண்ட், அதில் பேரிங் இருந்தால் அந்தப் பேரிங், கம்பியில் செருகியிருக்கும் பம்ப் ஸ்டாப், தூசு மறைப்பு உறை, ஸ்பிரிங்கின் மேலும் கீழும் உட்காரும் ரப்பர் வளையங்கள். இவை எல்லாம் ஷாக்கைக் கழற்றும்போது தாமாகவே கையோடு வந்துவிடுபவை. பழையதை மறுபடி பொருத்தினால், அவற்றுக்காக இன்னொரு நாள் இதே வேலையை முழுதாகச் செய்து, முழுக் கூலியையும் கொடுக்க வேண்டியிருக்கும்.

பம்ப் ஸ்டாப்பை யாரும் மதிப்பதில்லை. பாதி வண்டிகளில் அது இருந்த இடத்தில் தூள்தான் இருக்கும். கையில் எடுத்தால் பழைய வெல்லக்கட்டியைப் போல உதிரும். பள்ளத்தில் சக்கரம் முழுதாக மேலே ஏறும்போது கடைசி இடியை வாங்கிக்கொள்வது அதுதான். அது இல்லாவிட்டால் ஷாக்கின் உள்ளே இரும்பும் இரும்பும் மோதும், புது ஷாக் ஆறு மாதத்தில் பழையதாகும். உறை கிழிந்திருந்தால் நம் ஊர்ச் செம்மண் தூசு பளபளப்பான கம்பியில் ஒட்டி, எண்ணெய் சீலை அரம் போல அராவிவிடும்.

லோயர் ஆர்ம் புஷ்ஷையும் மாற்றச் சொல்கிறார்கள். உண்மையிலேயே தேவையா, வருமானத்துக்காகச் சொல்கிறார்களா?

நியாயமான சந்தேகம். இரண்டும் உண்டு. அதனால் கண்ணால் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

லோயர் ஆர்ம் என்பது சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கீழ்க்கை. அது சட்டத்தில் மாட்டும் இடத்தில் இருப்பது புஷ், அதாவது இரண்டு இரும்புக் குழாய்களுக்கு இடையே ஒட்டி வார்த்த ரப்பர். ஒரு நீளக் கம்பியை ஆர்முக்கும் சட்டத்துக்கும் நடுவே விட்டு லேசாக நெம்பச் சொல்லுங்கள். கொஞ்சம் அசைந்து திரும்பினால் ரப்பருக்கு உயிர் இருக்கிறது. ரப்பர் இரும்பைவிட்டுப் பிரிந்து வாய் பிளந்தாலோ, உட்குழாய் நடுவிலிருந்து ஒரு பக்கமாக இறங்கி உட்கார்ந்திருந்தாலோ மாற்றத்தான் வேண்டும். மேல்தோலில் நரம்பு போல வெடிப்பு மட்டும் தெரிந்தால் இன்னும் கொஞ்ச நாள் ஓடும். அதைக் காட்டிப் பயமுறுத்தினால் நம்ப வேண்டாம்.

மாற்றுவதாக முடிவு செய்தால் நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டிய ஒரு காரியம் இருக்கிறது. என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்திலேயே முக்கியமான பத்தி இதுதான்.

வண்டி லிஃப்டில் தூக்கி நிற்கும்போது சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருக்கும், ஆர்ம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். அந்த நிலையிலேயே புஷ்ஷின் போல்ட்டை முறுக்கிவிட்டால் உட்குழாய் அந்தக் கோணத்தில் பூட்டிக்கொள்ளும். பிறகு வண்டியைத் தரையில் இறக்கினால் ஆர்ம் மேலே எழும், ஆனால் உட்குழாய் அசையாது. நடுவில் இருக்கும் ரப்பர் ஈரத்துணியைப் பிழிந்தது போல முறுகிப்போகும். வண்டி சும்மா நிற்கும்போதும் முறுகியபடியே இருக்கும், ஓடும்போது இன்னும் முறுகும். அப்படிப்பட்ட புஷ் எவ்வளவு நல்ல கம்பெனியுடையதாக இருந்தாலும் சீக்கிரம் கிழியும். "புதுசு போட்டு ஒரு வருடம்கூட ஆகவில்லை" என்று வருகிற வண்டிகளில் நான் முதலில் தேடுவது இந்தத் தவறைத்தான்.

சரியான முறை இது. போல்ட்டுகளை விரலால் திருகும் அளவுக்கு விட்டு, வண்டியை நான்கு சக்கரத்திலும் நிறுத்தி, முன்னும் பின்னும் இரண்டடி உருட்டி, அமுக்கிவிட்ட பிறகு குழியில் இறங்கி முறுக்க வேண்டும். குழி இல்லாத இடத்தில் ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, வண்டி நிற்கும் உயரத்துக்கு அதைத் தூக்கிவிட்டு முறுக்கலாம். ஷாக்கின் கீழ்க்கண்ணில் இருக்கும் புஷ்ஷுக்கும் இதேதான். கூடுதலாகப் பத்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் இதைச் செய்யாத கைகள் ஏராளம். நானும் தொழில் பழகிய காலத்தில் செய்ததில்லை, யாரும் சொல்லித் தரவில்லை.

பால் ஜாயின்ட், ஸ்டியரிங் எண்ட் இவற்றையும் பார்க்க வேண்டுமா?

எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியவை இவைதான். பால் ஜாயின்ட் என்பது ஆர்மையும் சக்கரத்தையும் இணைக்கும் உருண்டை மூட்டு, ஸ்டியரிங் எண்ட் என்பது ஸ்டியரிங்கின் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பியின் முனை மூட்டு. ஷாக் போனால் பயணம் கசக்கும். பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் மடிந்துவிடும்.

சோதிக்கும் விதத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஸ்பிரிங் லோயர் ஆர்மின் மேல் உட்கார்ந்திருக்கும் வண்டிகளில் சட்டத்துக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கினால், ஸ்பிரிங்கின் விசை பால் ஜாயின்டை இழுத்துப் பிடித்திருக்கும், ஆட்டம் இருந்தாலும் வெளியே தெரியாது. லோயர் ஆர்முக்கு அடியில், சக்கரத்துக்கு அருகே தூக்க வேண்டும். டயருக்கு அடியில் கம்பியைக் கொடுத்து மேலே நெம்பினால் அப்போது "டக்" என்று காட்டிக்கொடுக்கும். பிறகு டயரைக் கடிகார முகமாக நினைத்துக்கொள்ளுங்கள். 12-இலும் 6-இலும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். 9-இலும் 3-இலும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால் ஸ்டியரிங் எண்ட். ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வெளியே வந்திருந்தால், இன்றைக்கு ஆட்டம் இல்லாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். மண் உள்ளே போய்விட்டது என்று பொருள்.

சிறிய கல்லில் ஏறினால்கூட முன்னால் "டொக் டொக்" என்கிறது. ஷாக் மாற்றினால் போய்விடுமா?

பெரும்பாலும் அது லிங்க் ராடு, அதாவது வளைவில் வண்டி அதிகம் சாயாமல் பிடிக்கும் ஸ்டெபிலைசர் கம்பியின் இரண்டு முனையையும் பிடித்திருக்கும் சின்னக் கம்பி. சஸ்பென்ஷனில் அதைவிட மலிவான உருப்படி குறைவு, அதைவிட அதிகமாகத் திட்டு வாங்கும் உருப்படியும் குறைவு. முழு ஷாக்கையும் மாற்றிவிட்டு அதே சத்தத்தோடு வீட்டுக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். சில வண்டிகளில் அது ஷாக்கின் உடம்பிலேயே மாட்டியிருக்கும், எப்படியும் கழற்றித்தான் ஆக வேண்டும். அப்படி இருந்தால் யோசிக்காமல் சோடியாக மாற்றிவிடுங்கள்.

ஸ்பிரிங்கையும் மாற்ற வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டின் விளிம்புவரை நான்கு பக்கமும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இடது வலது வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு இருந்தாலோ, பின்பக்கம் ஆள் இல்லாமலே அமுங்கியிருந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. சுருள் ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்றைக் கையால் தடவிப் பாருங்கள். மண்ணும் ஈரமும் அங்கேதான் தங்கும், துருவேறி அங்கேதான் முறியும். முறிந்த துண்டு உட்கார்ந்த இடத்திலேயே கிடப்பதால் பலருக்குத் தெரிவதே இல்லை.

பின்னால் பட்டை ஸ்பிரிங் உள்ள வண்டி என்றால் கதை வேறு. பட்டைகளுக்கு நடுவே இருக்கும் சத்தம் குறைக்கும் தகடுகள், பட்டையின் நுனியைச் சட்டத்தோடு இணைக்கும் ஷாக்கிளின் புஷ்கள், நடுவில் இருக்கும் போல்ட்டு, கட்டிப்பிடித்திருக்கும் யு போல்ட்டுகள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். கட்டைப் பிரித்தால் யு போல்ட்டுகளைப் புதிதாகவே போடச் சொல்லுங்கள். ஒரு முறை முறுக்கியதில் அவை நீண்டுவிட்டிருக்கும், பழையதைத் திரும்பப் பூட்டினால் அதே பிடி கிடைக்காது.

எங்கள் வண்டி வருடத்தில் இருபது நாள்தான் ஓடுகிறது. அதற்கும் இதெல்லாம் பொருந்துமா?

செட்டிநாட்டுக்கே உரிய கேள்வி. வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். வண்டி கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ பெரிய வீட்டின் பின்கட்டுக் கொட்டகையில் உறை போர்த்தி நிற்கும். சிவராத்திரிப் படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான் வெளியே வரும்.

ஒரு முறை அப்படி ஒரு வண்டியைத் தூக்கி வைத்திருந்தேன். மீட்டர் 1,60,000-ஐக் காட்டியது, ஆனால் கடைசி ஐந்தாறு வருடத்தில் ஓடியது நான்காயிரம்கூட இருக்காது. ஆச்சி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். "தம்பி, ஓடாத வண்டிக்கு என்ன தேய்மானம்?" என்றார்கள். பதில் சொல்லாமல் ஸ்டெபிலைசர் புஷ் ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தேன். இரண்டு விரலால் அமுக்கியதும் கடலை உருண்டை போல இரண்டாகப் பிளந்தது. "மாங்காய் வடுவைவிடக் காய்ந்து போயிருக்கிறதே!" என்று சொல்லி, மேற்கொண்டு கேட்காமல் சரி என்றார்கள்.

ரப்பருக்கு வயது கிலோமீட்டரில் மட்டும் ஏறுவதில்லை, வெயிலிலும் வருடத்திலும் ஏறுகிறது. நின்ற வண்டியில் ஷாக்கின் சீலும் காய்ந்திருக்கும், முதல் நீண்ட பயணத்திலேயே கசியத் தொடங்கும். ஒரே இடத்தில் நின்ற டயர் தரையில் பட்ட பக்கம் தட்டையாகியிருக்கும். ஏபிஎஸ் உணரிக்குப் போகும் ஒயரை எலி கடித்திருக்கிறதா என்பதையும் சக்கரம் கழன்றிருக்கும்போதே பார்த்துவிடுங்கள். காவலுக்கு இருப்பவரிடம் மாதம் இரண்டு முறை குன்றக்குடிவரையாவது ஓட்டிவிட்டு வரச் சொல்லுங்கள். எஞ்சினை மட்டும் ஓடவிட்டு அணைப்பதால் சஸ்பென்ஷனுக்கு எந்தப் பயனும் இல்லை.

போல்ட்டு கழலாமல் வெட்டி எடுக்க வேண்டியிருந்தது என்று கூடுதல் கூலி கேட்கிறார்கள். நியாயமா?

தொண்டி, தேவிபட்டினம், இராமேசுவரம் என்று கடலோரம் அடிக்கடி போகிற வண்டி என்றால் நியாயம்தான். உப்புக் காற்று பட்ட போல்ட்டு புஷ்ஷின் உட்குழாயோடு சேர்ந்து ஒரே இரும்பாக இறுகிவிடும். துருவைப் பற்றி ஆராய்வதற்கென்றே பெரிய நிறுவனம் நம் ஊரில் இருக்கிறது. 1948-இல் அடிக்கல் நாட்டி 1953-இல் செயல்படத் தொடங்கிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், நாம் சிக்ரி என்று சொல்வது. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து வந்த நிறுவனம். அந்த மதிலுக்கு அருகேயே போகிற வண்டிகளுக்கு அடியில் இவ்வளவு துருவா என்று எனக்கு அவ்வப்போது சிரிப்பு வரும்.

முந்தைய நாளே வண்டியை விட்டுவிட்டால் போல்ட்டுகளில் துரு இளக்கும் எண்ணெய் அடித்து இரவு ஊறவிடலாம். பாதிப் போர் அதிலேயே முடியும். ஷாக்குக்கும் பிரேக் குழாய்க்கும் பக்கத்தில் தீ வைத்துச் சூடாக்குவதை மட்டும் அனுமதிக்காதீர்கள். வாயு நிரப்பிய ஷாக் சூட்டில் வெடிக்கக்கூடியது. புதிதாகப் போடும் போல்ட்டின் தண்டில் கொஞ்சம் கிரீஸ் தடவச் சொல்லுங்கள், அடுத்த முறை கழற்றுகிறவன் வாழ்த்துவான். மரையில் மட்டும் வேண்டாம், முறுக்கும் அளவு தப்பிப்போகும்.

பிரேக்கில் என்ன பார்ப்பது?

சக்கரம் கழன்றிருக்கிறது, பிரேக் பேடைப் பிடித்திருக்கும் காலிபர் கண்ணெதிரே தெரிகிறது. பேடின் கனம், டிஸ்க்கின் விளிம்பில் வரப்பு, ரப்பர் ஹோஸில் வெடிப்பு ஆகியவற்றை ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். ஹோஸை மடக்கிப் பார்த்தால்தான் வெடிப்பு தெரியும். காலிபரை ஹோஸிலேயே தொங்கவிட்டு வேலை செய்கிறவர்களைக் கண்டால் உடனே தடுத்து, கம்பியால் கட்டித் தொங்கவிடச் சொல்லுங்கள். பிரேக் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது.

நான்கு சக்கர இழுவை உள்ள வண்டியானால் முன் ஆக்சிலின் ரப்பர் உறைகளையும் பாருங்கள். மடிப்புகளை விரித்துப் பார்த்தால்தான் கிழிசல் தெரியும். சக்கரத்தின் உட்பக்கம் கறுப்புக் கிரீஸ் வட்டமாகத் தெறித்திருந்தால் தேடவே வேண்டாம்.

வீல் அலைன்மென்ட் கட்டாயமா?

ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக இருந்து, அந்தத் தூணே சக்கரத்தைப் பிடித்திருக்கும் வண்டிகளில் கட்டாயம். அதைக் கழற்றியதுமே சக்கரத்தின் சாய்வு மாறிவிடும். சட்டத்தின் மேல் உடல் உட்கார்ந்திருக்கும் பழைய பாணி வண்டிகளில், ஷாக் தனியாக நின்று ஆர்ம்கள் இரண்டும் தனியாக இருந்தால், ஷாக்கை மட்டும் மாற்றியதால் அலைன்மென்ட் பெரிதாகக் கெடாது. ஆர்ம், பால் ஜாயின்ட், ஸ்டியரிங் எண்ட் இவற்றில் ஒன்றைத் தொட்டிருந்தாலும் செய்தே ஆக வேண்டும். புஷ்கள் எல்லாம் ஆடிக்கொண்டிருக்கும்போது அலைன்மென்ட் செய்வது வீண் செலவு. இயந்திரத்தில் எண்கள் சரியாக நிற்கும், சாலையில் நிற்காது.

டயர்?

அலைப் பள்ளம் விழுந்த டயர் புது ஷாக் போட்டாலும் ஊளையிடும். ஷாக்கைக் குறை சொல்லாதீர்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. வயது முதிர்ந்த டயருக்குப் பூ, அதாவது தரையில் படும் பக்கத்து வரிகள், நன்றாக இருக்கிறதே என்று மயங்க வேண்டாம்.

பழைய ஷாக்கிலேயே எண்ணெய் நிரப்பித் தருகிறார்களாம். பாதி விலைகூட ஆகாதாமே?

ஓட்டை போட்டு, எண்ணெய் ஊற்றி, வெல்டு வைத்து, வண்ணம் அடித்துத் தருவார்கள். தேய்ந்த வால்வும் கீறிய கம்பியும் அப்படியே இருக்கும், போன வாயு திரும்பி வராது. விற்கப்போகிற வண்டிக்குச் செய்கிறவர்கள் உண்டு. அதை வாங்கப்போகிறவரை நினைத்தால் எனக்கு மனம் ஒப்புவதில்லை. ஸ்பிரிங்கின் சுற்றுகளுக்கு நடுவே செருகும் ரப்பர் வளையங்களும் அதே ரகம்தான். அமுங்கிய வண்டியை ஓர் அங்குலம் தூக்கிக் காட்டும், ஆட்டத்தை அடக்காது.

கெட்டியான ஷாக் போட்டால் கூடுதல் சுமை ஏற்றலாமா?

ஏற்ற முடியாது. சுமையைத் தாங்குவது ஸ்பிரிங், சட்டம், ஆக்சில், டயர். ஷாக்குக்கு அதில் பங்கில்லை. கல்யாணச் சாமான் பரப்புவதற்காகப் பித்தளையும் வெள்ளியும் எவர்சில்வருமாகக் கூரைவரை அடுக்கி, அதன்மேல் ஒன்பது பேர் உட்கார்ந்து மதுரைக்குப் போகிறார்கள். ஆத்தங்குடித் தரைக்கற்களைப் பின்சீட்டை மடக்கிவிட்டு ஏற்றிக்கொண்டு வந்த ஒருவரின் வண்டி பட்டறை வாசலில் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. கல்லை ஏற்றச் சிறிய சரக்கு வண்டியைப் பிடித்திருந்தால் அன்றைய வாடகையோடு போயிருக்கும்.

வீட்டிலேயே நாமே மாற்றலாமா?

ஷாக் தனியாகவும் ஸ்பிரிங் தனியாகவும் இருக்கும் பின்பக்கத்தை, கை பழகியவர் செய்யலாம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், தாங்கி (ஜாக் ஸ்டாண்ட்) வைத்துவிட்டுப் போங்கள். ஷாக்கைக் கழற்றும்போது ஆக்சிலுக்கு அடியில் முட்டுக் கொடுங்கள், இல்லாவிட்டால் அது சரிந்து பிரேக் ஹோஸை இழுக்கும். புது ஷாக்கை நிமிர்த்திப் பிடித்து, முழுதாக நீட்டி முழுதாக அமுக்கி நான்கைந்து முறை செய்துவிட்டுப் பொருத்துங்கள். படுத்துக் கிடந்ததில் உள்ளே சேர்ந்த காற்றுக் குமிழி வெளியேறும். நட்டு முறுக்கும்போது கம்பி சுற்றுகிறதே என்று அதைக் குறடால் பிடித்துவிட்டால் புது ஷாக் அந்த நிமிடமே பழையது. அந்தப் பளபளப்பில் விழும் ஒரு கீறல் சீலைத் தின்றுவிடும்.

ஸ்பிரிங்கோடு சேர்ந்த முன் தூணை வீட்டில் பிரிக்காதீர்கள். அமுக்கிய ஸ்பிரிங் விடுபட்டால் தாடை எலும்பு நொறுங்கும். இதைப் பயமுறுத்தவே எழுதுகிறேன்.

பட்டியல் நீள்கிறது, கையில் பணம் அவ்வளவு இல்லை. எதை முதலில் செய்வது?

ஆட்டம் காணும் பால் ஜாயின்ட், ஸ்டியரிங் எண்ட், வெடித்த பிரேக் ஹோஸ் இவற்றில் பேரமே கிடையாது. இவை கெட்டிருந்தால் ஷாக்கையே தள்ளிப்போட்டுவிட்டு இவற்றைச் செய்யுங்கள். அடுத்து ஷாக்கும், அதோடு கையில் வந்துவிடும் மவுண்ட், பம்ப் ஸ்டாப், உறைகளும். மூன்றாவதாகத்தான் ஆர்ம் புஷ்கள். அதற்குத் தனியாக ஒரு நாள் வந்தாலும் பெரிய நஷ்டம் இல்லை. அலைன்மென்டை மட்டும் எல்லாம் முடிந்த பிறகு ஒரே தடவையாக வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய சாமான்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மாற்றியதற்குச் சாட்சி அதுதான், கேட்டால் நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எல்லாம் மாற்றிய பிறகும் சத்தம் வருகிறது. என்ன செய்வது?

முதலில் 1,000 கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டுகளை ஒரு முறை முறுக்கிச் சரிபார்க்கக் கொண்டுவாருங்கள், புது ரப்பர் உட்காரும்போது கொஞ்சம் இடம் விடும். மவுண்டின் நட்டு, ஸ்டெபிலைசரின் பட்டி, ஸ்பிரிங் தன் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று இந்த வரிசையில் பார்ப்போம்.

போன வருடம் கீழச்சிவல்பட்டிக்காரர் ஒருவர் மூன்று முறை வந்தார். பின்னால் "கிணிங்" என்று ஓர் ஒலி, ஒவ்வொரு வேகத்தடையிலும். ஷாக்கை இறக்கிப் பார்த்தோம், புஷ்ஷைப் பார்த்தோம், எக்ஸாஸ்டைப் பார்த்தோம். மூன்றாவது முறை கடைசி வரிசைச் சீட்டையே கழற்றினோம். சீட்டின் தண்டவாளத்துக்கும் தரை விரிப்புக்கும் நடுவே நீல விளிம்பு வைத்த மங்குத் தட்டு ஒன்று செருகிக் கிடந்தது, படைப்புக்குப் போய்வந்த நாளிலிருந்து வீட்டில் தேடிக்கொண்டிருந்தார்களாம்.